பதினேழாம் பூத்துக்கு எதிரே காலியாக விட்ட கட்டம்

முதல் செமஸ்டர் ஜெர்மன் வகுப்பில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு தடவைகூடப் பரீட்சை எழுதவில்லை, ஆகவே தேறவும் இல்லை. இன்றைக்கும் ஒரு ஜெர்மன்காரர் எதிரே வந்தால் பெயர் சொல்வேன், ஊர் சொல்வேன், காபியும் கேக்கும் கேட்டு வாங்கிக்கொள்வேன், மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வண்டி எப்போது வரும் என்று விசாரிப்பேன். வண்டி ஏன் தாமதம் என்று அவர் விளக்க ஆரம்பித்தால் கைகூப்பி விடைபெற வேண்டியதுதான். அதெல்லாம் இரண்டாம் செமஸ்டர்.

நான் ஆசிரியர் இல்லை, மாணவனும் இல்லை. டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மொழித் துறையில் லாங்குவேஜ் லேப் டெக்னிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் துறையிலிருந்து ரம்யா போன் செய்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இப்போது அங்கே ஜெர்மன் ஆசிரியை. பழைய லேபைக் காலி செய்கிறார்களாம். பிள்ளைகள் எல்லாரும் போனிலேயே கேட்டுப் பேசிப் பழகுகிறார்கள், பூத் எதற்கு என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். "அங்கிள், எது கபாடிக்குப் போகணும், எது ரிக்கார்டுனு நீங்க வந்து சொல்லிட்டா ஜல்தி முடிஞ்சுரும். அப்படியே உங்க எக்ஸ்பீரியன்ஸ் ரெண்டு பேஜ் எழுதிக் குடுங்க, மேகஸின்ல போடறோம்" என்றாள். கபாடி என்றால் இங்கே பழைய சாமான்காரன். கேட்டபடி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வேடிக்கையாக எழுதிக் கொடுத்தேன். குரங்கு ஜன்னல் வழியாக வந்து ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு போனது, கரண்ட் போனதும் இருபத்துநாலு பேரும் ஒரே சமயத்தில் இந்தியில் பேச ஆரம்பித்தது, இப்படி. இது அதில் எழுதாதது.

அப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் குமாஸ்தா. திருச்சியிலிருந்து வந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே ஃபைல்களைப் பற்றித்தான் இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், யாரும் கேட்காமலே ஒரு படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினாராம். ஆறு மாதத்தில் அவரை ஷில்லாங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஷில்லாங் என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் பயமுறுத்தும் சொல்லாகிவிட்டது. யாராவது அதிகம் பேசினால் அம்மா "ஷில்லாங் போகணுமா?" என்பாள், பேச்சு நின்றுவிடும். எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா சொன்ன ஒரே புத்திமதியும் அந்த வகைதான். "கேட்ட கட்டத்துல மட்டும் எழுது. ரிமார்க்ஸ்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கும். அது உனக்கில்லை, உனக்கு மேல இருக்கறவனுக்கு" என்றார்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். செங்கோட்டைக்கு எதிரே ஒரு கடையில் இரண்டு வருடம் டேப்ரெக்கார்டர் பழுது பார்த்தேன். பிறகு பல்கலைக்கழகத்தில் அட்-ஹாக் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்புக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி செங்கோட்டை.

லேபுக்குள் செருப்போடு யாரும் நுழையக் கூடாது. தரையில் கம்பளம், தூசி பட்டால் டேப் ஹெட் கெட்டுவிடும். தினமும் காலையில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இருபத்துநாலு மெஷினின் ஹெட்டையும் துடைப்பேன். மணி அடித்ததும் மாணவர்கள் அவரவர் பூத்தில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். பூத் என்றால் மூன்று பக்கமும் பலகை வைத்து மறைத்த சின்ன மேஜை. நான் முன்னால் இருக்கிற பெரிய மேஜையில் மாஸ்டர் டேப்பை ஓட விடுவேன். டேப்பில் ஒரு ஜெர்மன் ஆணும் ஒரு ஜெர்மன் பெண்ணும் மாறி மாறிக் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எட்டு விநாடி மௌனம். அதற்குள் பதில் சொல்ல வேண்டும், அது மாணவனின் கேஸட்டில் பதிவாகும். என் மேஜையில் ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு ஸ்விட்ச். எதைப் போடுகிறேனோ அந்த பூத்தின் குரல் என் காதுக்கு வரும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். கேட்டுவிட்டுப் பதிவேட்டில் ஓர் எழுத்து எழுத வேண்டும். ஜெர்மன் பேசினால் ஜி. பேசாவிட்டால் எஸ். எஸ் என்றால் சைலன்ட். இந்தியோ ஆங்கிலமோ வேறு எதுவோ பேசினாலும் எஸ்தான், ஜெர்மன் அல்லாதது எல்லாம் மௌனம் என்று விதி. கடைசியில் ரிமார்க்ஸ் கட்டம். அதை நான் தொட்டதே இல்லை.

விதி துறைத் தலைவியுடையது. லக்னோக்காரர், ஜெர்மனியில் பல வருடம் படித்தவர். எல்லாரும் மேடம் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாணவன் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார், "நோஹ் மால்" என்பார், மறுபடி என்று அர்த்தம். பத்துத் தடவை தப்பினாலும் பத்துத் தடவையும் அதே குரலில் "நோஹ் மால்". வெள்ளிக்கிழமை மாலை லேபுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேஜைமேல் வைப்பார். பென்சிலின் முனையால் பதிவேட்டில் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். தொடர்ந்து மூன்று எஸ் இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. ஏதாவது கேட்க வேண்டுமானால் "ஹெர் ராஜ்?" என்று மட்டும் சொல்வார். என் பெயர் ராஜகோபால், அங்கே எல்லாருக்கும் ராஜ்; ஹெர் என்பது ஜெர்மனில் திரு. வரியின் கடைசிக்கு வரும்போது பென்சில் அந்தக் காலிக் கட்டத்தின்மேல் ஒரு கணம் நிற்கும். பிறகு அடுத்த வரிக்குப் போகும். ஏன் நிற்கிறது என்று நான் யோசித்ததில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் கோமதி வந்தாள். சங்கரன்கோவில் பெண். நுழைவுத் தேர்வு எழுதியவளுக்கு ஜெர்மன் பிரிவில்தான் இடம் கிடைத்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எனக்கு முதலில் தெரிந்தது, வாசலில் ஷூக்களுக்கு நடுவே கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் பதினேழாம் பூத்தும்தான். முதல் இரண்டு வாரம் அந்த பூத்தில் சத்தமே இல்லை. நியாயமாகவே எஸ் போட்டேன்.

மூன்றாம் வாரம் ஸ்விட்சைப் போட்டேன். டேப்பில் இருக்கும் ஆண் குரல் வழக்கம்போல எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டது. எட்டு விநாடி ஆரம்பித்தது. என் காதில் விழுந்தது இதுதான்: "சங்கரன்கோவில்லேர்ந்து வாரேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு எந்த ஊரு?"

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், மறுபடி மாட்டினேன். அடுத்து பெண் குரல் என்ன குடிக்கிறீர்கள் என்றது. "காப்பி போதும் மதினி. சீனி தூக்கலா" என்றாள். மிக மெல்லிய குரல், பக்கத்து பூத்துக்குக் கேட்காத அளவு. ஆனால் மைக் வாய்க்குக் கிட்டே இருந்ததால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. இரண்டு நிமிடம் முடிந்தது. எஸ் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு தினமும் அவளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுத்தேன். பதினாறையும் பதினெட்டையும் அவசரமாக முடித்துவிட்டுப் பதினேழில் நின்றுவிடுவேன். வழி சொல்கிற பாடம் வந்தது. புத்தகத்தில் ஒரு வரைபடம், அதைப் பார்த்து ஸ்டேஷனுக்கு வழி சொல்ல வேண்டும். பதினாறாம் பூத்தில் ஒரு கான்வென்ட் பையன், கண்ணாடி மாதிரி உச்சரிப்பு. தினமும் அந்த ஜெர்மன் அம்மாளை ஆற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜி. பதினேழில் கோமதி, "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க மதினி, மாதாகோயிலத் தாண்டினா ஸ்டேஷன்" என்று வரைபடத்தில் உள்ளபடி மிகச் சரியாகச் சொன்னாள். அவளுக்கு எஸ். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் அப்போது லேபில் இருந்தார். "ஹெர் ராஜ்?" என்றார். ஒன்றுமில்லை மேடம் என்றேன்.

அவளுக்கு ஜெர்மன் புரிந்தது. துறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். கேட்ட கேள்வி அவளுக்குள் தமிழாக இறங்கியது, பதிலும் தமிழாக ஏறியது. அதை ஜெர்மனாக மாற்றுவதற்குள் எட்டு விநாடி தீர்ந்துவிட்டது. இரண்டு மாதம் விட்டால் தானாக வந்திருக்கும். முப்பத்தொரு வருடக் காதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி வருவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சமயத்தில் என் காதுக்கு இரண்டு வயதுதான்.

சில நாள் கேள்விக்குச் சம்பந்தமில்லாமலும் பேசுவாள். அக்டோபரில் ஒரு நாள் டேப் அண்ணாச்சியிடம், "கொஞ்சம் பைய கேளுங்க அண்ணாச்சி. வெளங்குது எனக்கு. வாயிலதான் வரமாட்டேங்கு. வாயத் தொறந்தா எல்லாரும் சிரிக்காங்க" என்றாள். இன்னொரு நாள், இந்தப் பரீட்சை போனால் ஹாஸ்டலில் இடம் போய்விடும், ஹாஸ்டல் போனால் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, "எங்கய்யா ஒருநா தறிய நிப்பாட்டிட்டுல்லா ரயிலேத்த வந்தாரு" என்றாள். அதற்குள் டேப்பில் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

ஏன் அவளிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை என்று கேட்கலாம். டெக்னிஷியன் மாணவர்களிடம் பேசக் கூடாது என்று விதி இருந்தது, அது உண்மை. நான் டெல்லியில் பிறந்தவன், இந்தி தாய்மொழி போல வரும், பிள்ளைகள் அண்ணன் என்பதற்கு இந்தியில் சொல்வது போல ராஜ் பையா என்பார்கள், நான் தமிழன் என்று யாருக்கும் சந்தேகமே வராது, அதுவும் உண்மை. ஆனால் இவை இரண்டும் காரணம் இல்லை. நான் பேசினால், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நிறுத்திவிடுவாள். நான் ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் ஒரு நாளில் என் காதில் விழுந்த தமிழ் அது மட்டும்தான். ஒரு பெண் கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசியதை நான் ரேடியோ போலக் கேட்டேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை தேர்வுக்கு அனுமதிப் பட்டியல். பாதிக்கு மேல் எஸ் இருந்தால் அனுமதி இல்லை. மேடம் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பதினேழாம் வரியில் பென்சில் நகர நகர எஸ், எஸ், எஸ். "எல்லாமே மௌனமா, ஹெர் ராஜ்?" என்று கேட்டார். மேஜைமேல் அவருடைய ஃபைலில் என் நீட்டிப்புக் கடிதமும் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, இருந்தது என்று சொல்கிறேன். "யா" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அது சுத்தமான ஜெர்மன், எட்டு விநாடிக்குள் சொன்ன பதில்.

பென்சில் காலிக் கட்டத்தில் நின்றது. வழக்கத்தைவிட நேரம் அதிகம்.

மேடம் உடனே முடிவெழுதவில்லை. கோமதியை அங்கேயே வரச் சொன்னார். ரப்பர் செருப்புக்காக சாக்ஸைக் கட்டைவிரலுக்கு இடையே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் குளிரில் அவளிடம் இருந்தது அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கம்பளத்தின் ஓரத்தில் நின்றாள். மேடம் மிக மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போல, நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா என்று ஜெர்மனில் கேட்டார். கோமதி தலையாட்டினாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார். கோமதி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "வெளங்குது மேடம்" என்றாள்.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை, "ஹெர் ராஜ்?" என்றுகூடச் சொல்லவில்லை. வெறுமனே பார்த்தார். நான் ஹெட்போன் ஒயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றி முடிக்கும் வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மேடம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கோமதியின் பெயர்மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு இருந்தது. பட்டியல் வரும் புதன்கிழமை அச்சுக்குப் போகும், அதுவரை யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்க மாதம் இரண்டு முறை போவோம். முருங்கைக்காய் முற்றலாக இருக்கிறது, வேண்டாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினேன். கோமதி. கையில் பை எதுவும் இல்லை.

"சார் தமிழா?" என்றாள்.

ஆமாம் என்றேன். என் மனைவி சந்தோஷமாக எந்த ஊரும்மா என்று கேட்டாள். சங்கரன்கோவில் என்றாள். என்ன வாங்க வந்தாய் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வாங்கலக்கா. ஞாயித்துக்கெழம இங்க வந்தா தமிழ்ல பேசுற சத்தம் கேக்கும். அதுக்குத்தான்" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குக் கூடுவது எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி, மதினி, காபி, அய்யா, தறி.

"அப்ப, நான் பேசுனது பூராம் ஒங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சும்மா."

"சரியாத்தான சொன்னேன்?"

"எல்லாமே சரி" என்றேன்.

அவள் அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. முருங்கைக்காய் ஒன்றை எடுத்து மறுபடி கூடையில் வைத்தாள். "எழுதியிருக்கலாமே சார்" என்றாள். அவ்வளவுதான். என் மனைவியிடம் வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனாள். பஸ்ஸில் திரும்பும்போது மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இன்னும் புதன்கிழமை வரலியே" என்றாள்.

வரவில்லைதான். அதனால்தான் என்னால் இன்றைக்கும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். உள்ளே மீட்டிங், வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற இடத்தில் வாக்கியம் நின்றது. மறுபடி முதலிலிருந்து கட்டினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். லேபில் பதினோரு மணி வகுப்பு இருந்தது, ஹெட் துடைக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன். அவளுடைய படிப்புக்காக நான் செலவழித்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி நேரத்தில் வாசலில் ரப்பர் செருப்பு கிடந்தது. கோடு போட்ட பெயர், வர வேண்டிய அவசியமே இல்லை. வந்து பதினேழில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் முதல் ஸ்விட்சிலிருந்து ஒழுங்காக இரண்டிரண்டு நிமிடமாக வந்தேன். பதினேழுக்கு வந்ததும் அதையும் போட்டேன்.

ஆண் குரல் பெயர் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக ஊன்றி, என் பெயர் கோமதி என்றாள். ஊரைக் கேட்டது. நான் சங்கரன்கோவிலிலிருந்து வருகிறேன், ஜெர்மனில். சங்கரன்கோவில் மட்டும் அவள் ஊர்ப் பேச்சில் இருந்தது, மற்றதெல்லாம் டேப்பில் வருவது போலவே இருந்தது. எட்டு விநாடிக்குள். அண்ணாச்சி இல்லை, மதினி இல்லை. இப்போது கேட்பது யார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கேள்வி வருவதற்குள், யாரும் கேட்காமலே, "இஷ் ஃபெர்ஷ்டேஹ" என்றாள். எனக்குப் புரிகிறது.

என் மேஜையில் ஒவ்வொரு பூத்தோடும் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. விரலை அதன்மேல் வைத்தேன். தமிழில் ஒரு வார்த்தை சொல்லலாம். போய் மேடத்தைக் கூட்டிவந்து இந்த ஹெட்போனை அவர் காதில் மாட்டலாம், அவர் அறை அதே தாழ்வாரத்தில்தான் இருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். கோடு போட்ட பெயருக்கு எதிரே ஜி, எஸ் எதுவும் எழுத வேண்டியதில்லை, ரிமார்க்ஸ் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பொத்தானை அழுத்தவில்லை. இரண்டு நிமிடம் ஆனதும் பதினெட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அந்த வாரமே அவள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். செமஸ்டர் முடிவில் எல்லாக் கேஸட்டையும் அழிக்க வேண்டும். கனமான காந்தக் கருவி ஒன்று இருக்கும், கேஸட்டின்மேல் மூன்று முறை வட்டமாகச் சுற்றினால் குரல் போய்விடும். இருபத்துநாலையும் அழித்தேன். பதினேழையும் சேர்த்துத்தான். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எண்ணிக்கை குறையுமே என்று பயந்தேன். டிசம்பரில் நீட்டிப்புக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் நிரந்தரமாக்கினார்கள்.

பல வருடம் கழித்து மேடம் ஓய்வு பெற்ற அன்று, டீயும் சமோசாவும் முடிந்து எல்லாரும் போன பிறகு, கடைசியாக லேபைப் பார்க்க வந்தார். வழக்கம்போலக் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்றைக்குத்தான் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இந்தியில் சொன்னார். நான் ஆசிரியர்களின் பதிவேட்டில் ரிமார்க்ஸ் கட்டம் வைக்கவில்லை ராஜ், உங்கள் பதிவேட்டில் மட்டும்தான் வைத்தேன், அவர்கள் எதிரே வாயை மூடிக்கொள்கிற பிள்ளை உங்கள் காதில் பேசும் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு உங்களைத்தானே பார்த்தேன் என்றார். அந்தப் பெண்ணை ஏன் இன்னும் ஒரு முறை கேட்கவில்லை என்று அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நோஹ் மால் என்று அன்று மட்டும் சொல்லாமல் விட்டேன் என்று தானாகவே சொன்னார். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனார். அது உனக்கு மேல இருக்கறவனுக்கு என்று அப்பா சொன்ன கட்டம், எனக்கென்றே போட்ட கட்டமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன். நல்ல காது, வாய் பின்னால் வரும். சிரிப்புக்குப் பயப்படுகிறான். பதில் தப்பு, உச்சரிப்பு மட்டும் அழகு. இப்படி எழுதியதால் சில பிள்ளைகள் தேர்வில் உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் இப்போது ஜெர்மனியில் இருக்கிறார்கள். அதைச் சொல்லி ஆறுதல் அடையலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. கோமதியின் விலாசம் அலுவலக ஃபைலில் இருந்தது. ஒரு கடிதம் போட்டிருக்கலாம், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கலாம். போடவில்லை. அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நானே விட்டதுதான்.

போன வாரம் ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து லேபுக்குப் போனேன். கம்பளத்தை முன்பே உருட்டி வைத்திருந்தார்கள், எல்லாரும் ஷூவோடு நடந்துகொண்டிருந்தார்கள். பூத் பலகைகள் வராந்தாவில் சாத்தியிருந்தன. ரம்யா பீரோவைத் திறந்து, இந்த ரெஜிஸ்டர் எல்லாம் கபாடிக்குத்தானே அங்கிள் என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்த வருடத்துப் பதிவேட்டை மட்டும் தேடி எடுத்தேன். காகிதம் பழுத்திருந்தது. பென்சில் கோடு மங்கியிருந்தது, என் எஸ்கள் மங்கவில்லை, நான் மையால் எழுதியவன். நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பிரித்து ஜன்னல் விளிம்பில் வைத்து, பதினேழுக்கு எதிரே ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதினேன். சின்னக் கட்டம், எழுத்தைச் சுருக்க வேண்டியிருந்தது.

ரம்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள் எழுதறீங்க? படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தேன். இந்த மாணவிக்கு ஆரம்பம் முதல் எல்லாம் புரிகிறது, பதில்கள் சரி, இன்று ஜெர்மனில் பேசினார், தேர்வு எழுத அனுமதிக்கலாம்.

யார், எப்போது என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். அவள் பதிவேட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள், தான் அப்போது பிறக்கவே இல்லை என்றாள். பக்கங்களைப் புரட்டி, வரிசையாக இருந்த எஸ்களையும் பக்கத்திலிருந்த காலிக் கட்டங்களையும் பார்த்தாள். என்னைக் குற்றம் சொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. மனதில் பட்டதைச் சொன்னாள்.

"அப்பவே எழுதியிருக்கலாமே அங்கிள்."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை, "ஆமாம்மா, எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மற்றவற்றோடு சேர்த்து வைத்துக் கட்டினேன்.